ஜெய்சல்மேருக்கு முன்னால் ஒரு தேரிக்காடு

2024 டிசம்பர் 22, திருநெல்வேலி

ராஜஸ்தானில் பறவை பார்க்கும் பயணத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஜனவரி 20 அன்று ஜோத்பூரில் தொடங்கி ஐந்து நாள். கீச்சன், ஜெய்சல்மேர், அப்புறம் பாலைவனத் தேசியப் பூங்கா. வழிகாட்டி ஒருவர், ஜீப் ஒன்று, நானும் சித்தியும் சேர்த்து ஐந்து பேர். இன்றிலிருந்து கிளம்பும் வரையிலும், கிளம்பிய பிறகும், முடிந்த நாட்களில் இங்கே எழுதுகிறேன்.

சித்திக்கு 61 வயது. செவிலியர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு என்னை முதலில் கூட்டிப் போனவரே அவர்தான். இருந்தாலும் ராஜஸ்தான் என்றதும், "ஏட்டி, வெயில்ல காயுற ஊர்ல வாழுறோம். வெயில் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டார். அங்கே வாழும் கானமயில் என்ற பெரிய பறவையின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, டிக்கெட் போடு" என்றார்.

மாலையில் வழிகாட்டியோடு போனில் பேசினேன். ஜெய்சல்மேர் பக்கத்து கிராமத்துக்காரர், என்னைவிட இளையவர். என் இந்தி சுமார், அவர் பொறுமையாகப் பேசினார். என்ன லென்ஸ் கொண்டுவர வேண்டும், எத்தனை பறவை பார்க்கலாம் என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் அவர் என்னைக் கேட்டார்: "தீதி (அக்கா), உங்கள் ஊரில் மரமில்லாத வெட்டவெளி இருக்கிறதா? அங்கே எத்தனை வகை வானம்பாடி இருக்கிறது?"

இரண்டோ மூன்றோ என்றேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதினைந்து வருடமாகப் பறவை பார்க்கிறேன். ஆனால் பார்த்ததெல்லாம் குளத்துப் பறவைகளும் மலைக்காட்டுப் பறவைகளும்தான். தரையில் ஓடும் பழுப்புக் குருவிகளை, "ஏதோ வானம்பாடி" என்று தாண்டிப் போய்விடுவதே வழக்கம்.

"இங்கே வந்தால் நாள் முழுக்க அதுதான். உங்கள் ஊர் வானம்பாடியை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அது போதும்" என்றார்.

டிசம்பர் 29, குதிரைமொழித் தேரி

வெட்டவெளி என்றால் எங்களுக்குத் தேரிதான். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குப் பக்கத்தில், கடலில் இருந்து சற்று உள்ளே, மைல் கணக்கில் சிவந்த மணல். காற்று குவித்த மேடுகள், ஓரங்களில் பனை, முந்திரி. விடியும் முன்பே சித்தியும் நானும் போய் இறங்கிவிட்டோம்.

தேரியின் உள்ளே நடப்பது எளிதில்லை. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்குகிறது. அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் இறுகிவிட்டது. ஜெய்சல்மேர் போகும் வரை தினமும் மாலையில் ஒரு மணி நேரம் நடப்பது என்று இருவரும் அங்கேயே முடிவு செய்தோம்.

நாங்கள் தேடியது தேரி ஓரத்துத் தரிசில் கிடைத்தது. சாம்பல்தலை வானம்பாடி. சிட்டுக்குருவி அளவுகூட இல்லை, கட்டையான அலகு, குட்டைக் கால். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், கன்னம் வெண்மை, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை, வயிறு முழுக்கக் கறுப்பு. பெட்டை வெறும் மண் நிறம். ஆண் பக்கத்தில் இருந்தால்தான் பெட்டையை நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. கிட்டே போனால் பறக்காமல் மண்ணோடு ஒட்டிக் குந்திக்கொள்கிறது. கண்ணை எடுத்தால் மறைந்துவிடுகிறது. எங்கும் போயிருக்காது, அதே இடத்தில்தான் இருக்கும். மீண்டும் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

ஒரே ஜோடியை ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். இப்படி ஒரு சின்னப் பறவையோடு இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்ததே இல்லை. சித்தி நோட்டில் படம் வரைந்தார். தலையை மூன்று முறை அழித்து வரைந்தார்.

பத்து மணிக்கு மேல் இன்னொன்றும் புரிந்தது. சூடேறிய தரைக்கு மேல் காற்று நெளிய ஆரம்பித்ததும், பைனாகுலரில் 100 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடியது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் கானலை விலக்கிக் காட்டாது. வறண்ட நிலத்தில் பறவை பார்க்க முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான்.

ஜனவரி 2

பைனாகுலர் கதை. பயணத்துக்கென்று இணையத்தில் புதிதாக ஒன்று வாங்கினேன். 10 மடங்கு உருப்பெருக்கம். வந்த அன்றே கண் வலித்தது, தலையும் சுற்றியது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். சித்தி வாங்கி எதிர் வீட்டு மொட்டைமாடி விளிம்பைப் பார்த்தார். "ரெண்டு கோடு தெரியுதுட்டி" என்றார். உள்ளே இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை. விற்றவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் எழுதிக் கேட்ட பிறகுதான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன். வாங்கிய அன்றே ஒரு மின்கம்பியையோ கூரை விளிம்பையோ பாருங்கள். ஒரே கோடாகத் தெரிய வேண்டும். பிறகு இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கிக்கொண்டு, வலது கண்ணுக்கு உரிய சிறு வளையத்தைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். என்னோடு பறவை பார்க்கும் பலர் வருடக்கணக்கில் அந்த வளையத்தைத் தொட்டதே இல்லை.

கடைசியில் 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன் லென்ஸும் உள்ள என் பழைய பைனாகுலரையே எடுத்துப் போகிறேன். பாலைக்கு அதுவே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் கானல் நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். ஓடுகிற ஜீப்பில் இருந்து தரைப்பறவையைத் தேட அகலமான காட்சி வேண்டும்.

மணல் பற்றி வழிகாட்டி ஒன்று சொன்னார். லென்ஸில் தூசி படிந்தால் துணியால் துடைக்கக் கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ள வேண்டும், அப்புறம்தான் துணி. மணல் துகளோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், அது போகாது.

ஜனவரி 5

துணிமணி. பாலைவனம் என்றதும் மெல்லிய பருத்தி உடைகளை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். வழிகாட்டி அனுப்பிய பட்டியலில் முதல் வரியே கம்பளித் தொப்பி. ஜனவரியில் ஜெய்சல்மேர் மதியம் 25 டிகிரியை ஒட்டி இருந்தாலும், விடியற்காலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுமாம். திறந்த ஜீப்பில் காற்று வேறு. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்வதுபோல மூன்று அடுக்கு. எல்லாம் மண், சாம்பல், காய்ந்த புல் நிறம். வெள்ளைச் சட்டை வெட்டவெளியில் நெடுந்தூரம் பளிச்சென்று தெரியும். என்னிடம் இருந்ததில் பாதியை ஒதுக்கிவிட்டேன்.

காலுறை பற்றியும் தனியாக எழுதியிருந்தார். அங்கே பூரட் என்று ஒரு புல். அதன் முள்விதை கம்பளியிலும் பருத்தியிலும் குத்திப் பிடித்துக்கொண்டால் எடுக்கவே முடியாது. அதனால் வழுவழுப்பான துணியில் கால்சட்டை, கணுக்காலை மூடும் ஷூ.

சித்தி மருந்துப் பையை எடுத்துக்கொண்டார். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், உதட்டுக்கு வாசலின், கண்ணுக்குச் சொட்டு மருந்து, முள் எடுக்க இடுக்கி. "நம்ம ஊர்ல வேர்த்தா தெரியும்ட்டி. அந்த ஊர்ல வேர்வை உடனே காஞ்சுரும். தாகம் எடுக்கலன்னு தண்ணி குடிக்காம இருக்கக் கூடாது" என்றார். ஆளுக்கு மூன்று லிட்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு வேலையும் நடந்தது. எந்தப் பறவையை எந்த நேரத்தில் தேடுவது என்று ஒரு நாள் அட்டவணை போட்டுப் பார்த்தேன். கல்கௌதாரி நம் பக்கமும் உண்டு. வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு கூட்டமாகத் தண்ணீருக்கு வரும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து, மைல் கணக்கில் பறந்து போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டும். அந்த இறகுகள் பஞ்சுபோல நீரைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு உடையவை. எத்தனையோ முறை படித்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றுகிறது.

ஜனவரி 8

இரண்டு நாளாகச் செடிகள். பறவை எந்த மரத்தில் உட்காரும் என்று தெரியாமல் பறவையைத் தேட முடியாது. பட்டியலைக் கையில் எடுத்தபோது எல்லாம் புதிதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

கேஜ்ரி: நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரம். அங்கே அது ராஜஸ்தானின் மாநில மரம். அதன் காய் சாங்ரி, காயவைத்துக் கறி சமைக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட மன்னரின் ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிர்விட்டார். அவரைத் தொடர்ந்து நின்றவர்களையும் சேர்த்து பிஷ்னோய் சமூகத்து மக்கள் 363 பேர் இறந்தார்கள்.

ஜால்: நம் உகா. சங்கப் பாடல்களில் பாலைத் திணையில் உகாய் என்று வரும் மரம். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இதுதான். ஆக்: எருக்கின் நெருங்கிய உறவு. விலாயதி பாபுல்: பெயரைத் தமிழில் சொன்னாலே போதும், சீமைக் கருவேலம். அங்கேயும் அதே தொல்லை, அதே பெயர்.

பாலை என்ற திணையைப் பள்ளியில் இருந்து படித்து வந்திருக்கிறேன். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்று மனப்பாடம். அந்தச் செடிகளில் பல எங்கள் ஊர் ஓடையோரத்திலேயே நிற்கின்றன என்பதை இந்த வாரம்தான் கவனித்தேன். நேற்று சித்தியோடு நடந்தபோது வழியில் நின்ற உகா மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஜனவரி 10

கானமயில் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதினால் மனம் கனக்கிறது.

ஒரு மீட்டர் உயரம், ஆண் 15 கிலோ வரை எடை. பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை பரவி இருந்தது. இன்று 150-க்கும் குறைவு, அவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் வெறும் தரையில். நாய், நரி, ஆடுமாட்டின் கால், எல்லாவற்றுக்கும் அது தப்ப வேண்டும்.

அப்புறம் மின்கம்பி. கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னால் பார்வை குறைவு. தாழ்வாகப் பறக்கும். கனமான உடம்பு என்பதால் கம்பியைக் கண்ட பிறகும் சட்டென்று திரும்ப முடியாது. காற்றாலையும் சூரிய மின்நிலையமும் பெருகப் பெருக, கம்பிகளும் பெருகின. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் வாழிடங்களில் மின்கம்பிகளை நிலத்துக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, எங்கே எது சாத்தியம் என்று பார்க்க ஒரு நிபுணர் குழுவை அமைத்தது.

கயத்தாறு பக்கம் போகும்போதெல்லாம் காற்றாலைகளைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை போகவில்லை. ஆனால் இனி இறக்கைகளை மட்டுமல்ல, அவற்றில் இருந்து கிளம்பும் கம்பி எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பேன்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2019 முதல் காட்டில் எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, சாம் கிராமத்திலும் ராம்தேவ்ராவிலும் வளர்க்கிறார்கள். போன அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் முதல் குஞ்சு பொரிந்தது. அன்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சித்திக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

வழிகாட்டியிடம் கானமயில் பார்க்க முடியுமா என்று இன்று கேட்டேவிட்டேன். "இருக்கும் இடம் தெரியும் தீதி. ஆனால் தடத்தை விட்டு ஜீப் இறங்காது. ஒலி போட்டு எந்தப் பறவையையும் கூப்பிட மாட்டேன். தூரத்தில் தெரிந்தால் தெரியும்." அவரைத் தேர்ந்தெடுத்தது சரிதான்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் வருடம் தவறாமல் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். வழக்கமாகக் குளக்கரையில் செய்வேன். இந்த முறை ஊருக்கு வெளியே தரிசில் நின்றேன். தம்பி பிள்ளைகளும் வந்தார்கள். பனங்காடை 2, கல்குருவி 4, சாம்பல்தலை வானம்பாடி 7, ஜெர்டன் வானம்பாடி 3. கடைசி இரண்டையும் போன வருடம் நான் பிரித்து எழுதியிருக்க மாட்டேன். ஜெர்டன் கம்பியிலும் புதர் உச்சியிலும் ஏறி உட்காரும், மார்பில் புள்ளிகள். மற்றது தரைதான்.

தம்பி மகன், "அத்தை, இது சின்னப் பறவைதானே, இதை ஏன் எண்ணணும்?" என்று கேட்டான். பைனாகுலரை அவன் கையில் கொடுத்தேன். அப்புறம் திரும்ப வாங்க முடியவில்லை.

ஜனவரி 17, இரவு

பை கட்டியாகிவிட்டது. ஜெய்சல்மேர் எல்லை மாவட்டம் என்பதால் அசல் அடையாள அட்டை அவசியம். டிரோன் கிடையாது. பூங்காவுக்குள் சிக்னல் நம்ப முடியாது என்பதால் வரைபடத்தையும் பறவைப் பட்டியலையும் முன்கூட்டியே போனில் இறக்கிவைத்தேன். சித்தி அதிரசமும் முறுக்கும் ஒரு டப்பா நிறைய எடுத்திருக்கிறார். ஜீப் ஓட்டுபவருக்கும் சேர்த்தாம்.

ஜனவரி 19, ரயில்

சென்னையில் இருந்து ஜோத்பூர் ரயில். இரண்டாம் நாள். வெளியே மண்ணின் நிறம் மாறிக்கொண்டே போகிறது. சித்தி தூங்குகிறார். நான் வானம்பாடிப் பக்கங்களை மறுபடியும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 21, ஜெய்சல்மேர்

நேற்று ஜோத்பூரில் இறங்கி, மாலைக்குள் பலோடி வந்துவிட்டோம். 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர். அங்கே நேற்றிரவு நான் இரண்டு போர்வையோடு தூங்கினேன்.

இன்று காலை பக்கத்தில் உள்ள கீச்சன். மத்திய ஆசியாவில் இருந்தும் மங்கோலியாவில் இருந்தும் இமயத்தைத் தாண்டி வரும் குர்ஜாக் கொக்குகள், சாம்பல் உடம்பும் கறுத்த கழுத்தும் கண்ணுக்குப் பின்னால் வெண்குஞ்சமுமாக, ஆயிரக்கணக்கில் அந்தக் கிராமத்தில் இறங்குகின்றன. ஊரார் தானியம் போடுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு வானத்தின் ஒரு ஓரத்தில் வளைந்த கோடுகள், அப்புறம் தலைக்கு மேல் முழுக்க. எங்களோடு மொட்டைமாடியில் நின்ற பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது ஒவ்வொரு பனிக்காலத்துக் காலையும். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

இரவில் தங்குமிடத்தில் வழிகாட்டி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். மெல்லப் பேசுங்கள், கதவை அறையாதீர்கள், பறவை எழுந்து நின்று தலையைத் தூக்கினால் நாம் ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள். இங்கே சூரியன் ஏழரைக்குத்தான் எழும், நம் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாமதம். அதனால் ஆறரைக்குக் கிளம்பினால் போதும்.

ஜனவரி 22

மதிய ஓய்வில் எழுதுகிறேன். காலையைப் பற்றி மட்டும்.

பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர், ஜெய்சல்மேர், பாட்மேர் இரண்டு மாவட்டங்களிலும் விரிந்தது. உள்ளே ஊர்கள், ஆடுகள், ஒட்டகங்கள் எல்லாம் உண்டு. மணல்மேடு என்று நாம் படத்தில் பார்ப்பது கொஞ்சம்தான். மீதி கல்லும் புல்லுமான வெட்டவெளி. இருட்டிலேயே கிளம்பி, சாம் தாண்டி, பூங்காவின் சுதாசரி பக்கம் போனோம். தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டோம். வெளிச்சம் வந்ததும் தூரத்தில் ஒற்றை வன்னி மரம் தெரிந்தது. சித்தி என் தோளைத் தட்டி அதைக் காட்டினார்.

தடத்தின் ஓரத்தில் ஜீப் நின்றது. வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இடப்பக்கம் ஏதோ அசைந்தது. குட்டைக் கால், கட்டை அலகு, மண்ணோடு ஒட்டிய உடம்பு. நம் தேரிப் பறவையேதான் என்று மனம் ஒரு கணம் சொல்லிவிட்டது. பைனாகுலரை எடுத்தேன். வயிறு கறுப்பு, கன்னம் வெண்மை, எல்லாம் அதேதான். ஆனால் உச்சந்தலை சாம்பல் இல்லை. கறுப்பு. நெற்றியில் ஒரு வெள்ளை.

"உச்சி கறுப்புட்டி" என்று சித்தி என் காதுக்குள் சொன்னார். மூன்று முறை அழித்து வரைந்த தலை அவருக்கு மறக்கவில்லை.

கருந்தலை வானம்பாடி. சாம்பல்தலையின் பாலைவனத்து உறவு. வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "உங்கள் ஊரில் எத்தனை வானம்பாடி தீதி?" என்று கேட்டார்.

"உறுதியாக இரண்டு."

அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பின் சாவியில் இருந்து கையை எடுத்தார். பெட்டை பக்கத்தில்தான் எங்கோ குந்தியிருக்கும், அதையும் தேடிவிட்டுப் போகலாம் என்றார். நேரம் 7.52. நோட்டில் ஆண் 1 என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி காலியாக விட்டேன்.